முதல் வகுப்பு வெடிமண்

பெயர் வைக்காத பொருள் ஒன்றும் நாட்டில் இருக்கக் கூடாது என்பது மண் வகைப்பாட்டு அலுவலகத்தின் உயர்ந்த கொள்கை. ஆற்று மணலுக்கு ஒரு வகுப்பு கொடுத்தாகிவிட்டது. செம்மண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது. அலுவலக வாசலில் கிடந்த குப்பைமேட்டை அள்ளத்தான் ஆள் இல்லை, அதற்கும் ஒரு வகுப்பு கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது மலையடிவாரத்து மேய்ச்சல் நிலம் ஒன்றுதான். அது எந்த வகுப்பிலும் சேராமல், தன் பாட்டுக்குப் புல்லை முளைக்கவிட்டுக்கொண்டு கேட்பாரற்றுக் கிடந்தது.

அதைக் கரையேற்றுவதற்காக ஒரு மழைக்காலக் காலையில் மண் அதிகாரி வந்து சேர்ந்தார்.

அங்கே எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்தவளை ஊரில் எருமைக்காரம்மா என்பார்கள். கவலைப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மழை வராவிட்டால் புல் காயுமே என்று கவலை. வந்தால் எருமைக்குச் சளி பிடிக்குமே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், எதையோ கவலைப்பட மறந்துவிட்டோமே என்று கவலை. அந்த நிலத்தை விட்டால் அவள் எருமைகளுக்கு வேறு மேய்ச்சல் இல்லை. கீழே எங்கு பார்த்தாலும் வீடும் வேலியும்தான். அவள் புருஷன் நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் "சரிதான்" என்பார். ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

மண் அதிகாரி நிலத்தில் இறங்கினார். மழை ஈரத்தில் அந்தக் களிமண் ஒருவரைப் பிடித்தால் சுலபத்தில் விடாது. அடிக்கு அடி அவருடைய பூட்ஸுக்குக் கீழே ஒரு புது அடிப்பாகம் ஒட்டிக்கொண்டே வந்தது. நிலத்தின் நடுவே போய்ச் சேர்வதற்குள் ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார். அலுவலகத்தில் இத்தனை வருஷம் கேட்டும் கிடைக்காத உயர்வு அது.

ஒரு பிடி மண்ணை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். நாடா மாதிரி நீளமாக வந்தது. "களி அதிகம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நிற அட்டைகள் கோத்த புத்தகத்தை விரித்து, மண்ணை ஒவ்வொரு நிறத்தோடும் ஒட்டிப் பார்த்தார். புடவைக் கடையில் கல்யாணப் பெண்ணின் அம்மா கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

"ஏம்மா, இப்ப மழையில உப்பி, பிசுபிசுன்னு இருக்கு. கோடையில இந்த மண்ணு எப்படி இருக்கும்?"

"கோடையில வெடிக்கும் தம்பி."

"நல்லா வெடிக்குமா?"

"நல்லாவா? எங்கே பார்த்தாலும் வெடிச்சுக் கிடக்கும். எனக்கு அதே கவலைதான்."

களிமண் காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளந்துகொள்ளும். அதைத்தான் அவள் சொன்னாள். மண் அதிகாரிக்கும் அது புரிந்தது. 'இம்மண் கோடையில் ஆழமாக வெடிக்கும்' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, பூட்ஸைச் சுரண்ட உட்கார்ந்தார்.

மேலிடத்தில் இருந்தவர் மண்ணை நேரில் பார்க்காமலே ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டவர். அவர் 'வெடிக்கும்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். வெடிக்கிற பொருளைத் தொட மண் துறைக்கு அதிகாரம் இல்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே மலையடிவாரம் முழுவதையும் முறைப்படி வெடிபொருள் துறையிடம் ஒப்படைத்தார்.

மழை ஓய்கிற சமயத்தில் எருமைக்காரம்மா வழக்கம்போல எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல் தளதளவென்று நின்றது. வெளியே ஒரு பலகை: 'முதல் வகுப்பு வெடிமண். இதன் மீது மேய்தல், மேயவிடுதல், மேய்வதற்கு உடந்தையாக இருத்தல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன.' பலகைக்குப் பக்கத்தில் இரும்புத் தொப்பியும் மெத்தை மாதிரி கனத்த சட்டையும் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி வெடி அதிகாரி நின்றார்.

"சார், இது வெறும் மண்ணு சார்!"

"இது வெடிக்கும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப ஒத்துக்கிறீங்க."

"ஐயோ, அந்த வெடி இல்ல சார். இது சத்தமே வராம வெடிக்கும்."

வெடி அதிகாரி இரண்டு அடி பின்வாங்கினார். "சத்தமே வராதா? அது இன்னும் அபாயமாச்சே! வெளிநாட்டுல கூட இன்னும் அதைக் கண்டுபிடிக்கல."

"மழை பெஞ்சா தானா மூடிக்கும் சார்."

"வெடிச்சுட்டு, அடையாளம் தெரியாம மூடிக்கவும் செய்யுதா?" அவர் இரும்புத் தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

இவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் எருமைக்காரம்மா செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தூக்கிக் காட்டினாள். "இதோ பாருங்க. என் கால்கூட வெடிச்சிருக்கு. இந்த மாதிரிதான்!"

வெடி அதிகாரி குனிந்து பார்த்தார். முகம் இரங்கியது. "ரெண்டு காலுமா?"

"ரெண்டும்தான்."

"இவ்வளவு நடந்திருக்கு, நடந்து வேற வந்திருக்கீங்க. தைரியசாலி அம்மா நீங்க." இதுவரை பாதிக்கப்பட்டவர்கள் ஒருவர், இரு கால்களிலும் என்று குறித்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை பின்னால் நின்ற எருமையின் மேல் விழுந்தது. "அது ஏன் அப்படி உப்பியிருக்கு? இந்தப் புல்லைத் தின்னுச்சா?"

"அது சினை சார்."

"எப்ப வெடிக்... எப்ப ஈனும்?"

எருமைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு எருமைகளை வீட்டுக்குத் திருப்பினாள். "என் வாய் சும்மா இருந்துச்சா? 'பிளக்கும்'னு சொல்லியிருக்கலாம், 'விரியும்'னு சொல்லியிருக்கலாம்" என்று வழியெல்லாம் புலம்பினாள். கூட வந்த புருஷன், "சரிதான்" என்றார்.

அன்றிலிருந்து சாக்கடை ஓரப் புல்லும் வேலி ஓரத் தழையும்தான் எருமைகளுக்குச் சாப்பாடு. பால் குறைந்தது. சினை எருமைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அது அவளைப் பார்க்கிற பார்வையில் கேள்வி இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஊர் மட்டும் குஷியாக இருந்தது. வாரம் ஒருமுறை வெடி அதிகாரி மைதானத்தில் பயிற்சி நடத்தினார். 'வெடிச்சிடுச்சு' என்று யாராவது கத்தினால் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், குப்புறப் படுக்க வேண்டும், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்தால் டீயும் பன்னும் உண்டு. பிறந்ததிலிருந்து அந்த மண் வெடிப்பில் கால் மாட்டி வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். "மண்ணு வெடிக்குமாம்! இவனுங்களுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தாங்க?" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே குப்புறப் படுப்பார்கள். எருமைக்காரம்மாவும் போனாள். வராதவர்கள் பெயரைத் தனியாகக் குறிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு அந்தக் கவலை வேறு.

இதற்கு நடுவே டவுனில் அழகு நிலையம் நடத்துகிற நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, உங்க மண்ணுதான் இப்ப டவுன்ல ஒரே பேச்சு! ஒரு கூடை வேணும்."

"எதுக்கு?"

"மூஞ்சில பூசத்தான். 'வெடிமண் பூச்சு'ன்னு போர்டே வெச்சுட்டேன். பூசி, காயவிட்டா, மூஞ்சி முழுக்க அப்படியே வெடிக்குது அண்ணி! எல்லாரும் சொக்கிப் போறாங்க."

"களிமண்ணு காஞ்சா வெடிக்கத்தானே செய்யும்?"

"ஐயோ, அதை வெளிய சொல்லிடாதீங்க. சாதா களிமண்ணு பூசினப்ப ஒருத்தியும் வரல. அபாயம்னு அரசாங்கமே சொன்ன பிறகுதான் கூட்டம் அலைமோதுது."

சிவப்புக் கயிற்றுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள டவுன்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். எருமைக்காரம்மாவின் குதிகாலையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கோடை வந்தது. மண் வெடிப்பதை நேரில் ஆராய ஒரு குழு வந்து, மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தது. மண் எப்போதும் போலச் சத்தமில்லாமல் காய்ந்து, பாளம் பாளமாகப் பிளந்தது. குழு நெடுநேரம் கூடிப் பேசி முடிவை அறிவித்தது: 'மேற்படி மண் வெடித்தது உண்மை. ஒருமுறை வெடித்த பொருள் மறுபடி வெடிக்காது. ஆகவே வெடித்து முடிந்த நிலையில் மேய்ச்சலுக்கு அனுமதி உண்டு. மழையில் வெடிப்புகள் மூடிக்கொண்டதும் மண்ணில் வெடி மறுபடி நிரம்பிவிடுவதால் தடை தொடரும்.'

"அதாவது புல்லு இல்லாதப்ப மேயலாம், புல்லு இருக்கிறப்ப மேயக் கூடாது. அப்படித்தானே சார்?" என்று கேட்டாள் எருமைக்காரம்மா.

"கரெக்டா புரிஞ்சுகிட்டீங்க" என்று வெடி அதிகாரி பாராட்டினார்.

"சரிதான்" என்றார் புருஷன்.

மழை வந்தது. வெடிப்பு மூடியது. புல் முளைத்தது. எருமை கன்று போட்டது. கன்று முட்டி முட்டிப் பார்த்தும் மடியில் பால் இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு எருமைக்காரம்மா இரவெல்லாம் புரண்டாள். உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. காலைக் கூடக் காட்டிப் பார்த்தாகிவிட்டது. இனி அவர்கள் வழியில் போக வேண்டியதுதான் என்று, விடிந்ததும் கொட்டுகிற மழையில் குடை கூட இல்லாமல் கயிற்றடிக்குப் போய் நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். பட்டாசு மழையில நனைஞ்சா என்ன ஆகும்?"

"நமத்துப் போயிடும்."

"நமத்த பட்டாசு வெடிக்குமா?"

"எப்படி வெடிக்கும்?"

"அப்ப இந்த மண்ணு ராத்திரி பூரா நனைஞ்சுகிட்டு இருக்கே சார்."

வெடி அதிகாரி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் பெரிய அதிர்ச்சி. "நமத்துத்தாம்மா போயிருக்கு!" என்றார்.

அடுத்த வாரமே புதுப் பலகை வந்தது: 'நமத்துப்போன வெடிமண், மூன்றாம் வகுப்பு. மேயலாம்.' கயிறு அவிழ்ந்தது. எருமைகள் தலையைக் குனிந்தவைதான், பொழுது சாயும்வரை நிமிரவில்லை. கன்றின் வாயில் பால் நுரை நின்றது. டவுனில்தான் ஒரே ரகளை. "நமத்துப்போனதையா எங்க மூஞ்சில பூசினே?" என்று நாத்தனாரின் கடை முன்னால் பெண்கள் சண்டைக்கு நின்றார்கள். வெடி அதிகாரி மாற்றலாகிப் போனார். பயிற்சி நின்றது. ஊர் டீக்கும் பன்னுக்கும் வருத்தப்பட்டது. எருமைக்காரம்மா ஒருநாள் முழுக்கக் கவலை இல்லாமல் இருந்து பார்த்தாள். பழக்கமில்லாததால் தலை வலித்தது.

மறுபடி கோடை. ஒரு மத்தியானம், துள்ளி ஓடிய கன்றின் முன்னங்கால் ஒரு வெடிப்புக்குள் மாட்டிக்கொண்டது. அது 'ம்மா' என்று அலறியது. கொஞ்சம் தள்ளி ஊர்க்காரர்கள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், புருஷனும் இருந்தார். எருமைக்காரம்மா பதறி, வாயில் வந்ததைக் கத்தினாள்.

"இங்க நிலம் வெடிச்சிடுச்சு, ஓடியாங்க!"

ஓடினார்கள், எதிர்ப்பக்கம். எல்லோருக்கும் முன்னால் புருஷன் ஓடினார். ஓடி, குப்புறப் படுத்து, காதைப் பொத்திக்கொண்டார்கள். விறகு நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது.

"அட அறிவுகெட்ட ஜனங்களா! பொறந்ததுலேர்ந்து பார்த்த வெடிப்புதானே இது? அந்த ஆபீசருங்களைச் சொல்லிச் சிரிச்சீங்களே!" என்று திட்டிக்கொண்டே குனிந்து கன்றின் காலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். அசையக்கூட இல்லை. இவ்வளவு சின்னக் கால், ஏன் வரமாட்டேன் என்கிறது?

அப்புறம்தான் தெரிந்தது, ஒரு கையால் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று. இன்னொரு கை எங்கே போயிற்று என்று தேடினாள்.

அது அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தது.