தினமும் மாறிக்கிடந்த தோட்டா மெஷின்

மெஷினின் கைப்பிடியை அழுத்தியதும் தோட்டாவின் பித்தளைக் கூடு கோணிக்கொண்டு நசுங்கியது. நேற்றுத்தான் வெண்டல் அந்த மெஷினைத் தன்னுடைய பெரிய தோட்டாவுக்கு ஏற்றபடி திருகி வைத்திருந்தார். இன்றைக்கு அது சின்னத் தோட்டாவுக்கு மாறியிருந்தது.

கண்ணில் புரை விழுந்தபோது கைத்துப்பாக்கி சுடுவதையும், சுட்ட கூடுகளில் தானே வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்வதையும் விட்டவர். மங்கிய கண்ணோடு மருந்தை அளப்பது எமனோடு சீட்டாடுகிற மாதிரி என்று மனைவி மார்லிஸ் சத்தியம் வாங்கிவிட்டாள். எட்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் புரையை எடுத்தார்கள். மொன்டானா மலைகளில் பனி விழுந்த வரிகூடத் துல்லியமாகத் தெரிந்ததும் கை துறுதுறுத்தது. சத்தியத்தைத் திருப்பிக் கேட்கக் கூச்சம். துப்பாக்கி கிளப் போட்டியில் ஒரு பரிசு வாங்கிக்கொண்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று, அவள் வெளியே போகிற நேரம் பார்த்து நிலவறைக்கு இறங்கினார். சிலந்திக்குப் பயம், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்று அவள் சொல்வது வழக்கம்.

பழக்கம் விட்டுப்போன கைதான் தப்பு செய்கிறது என்று மறுபடி திருகினார். மறுநாளும் சின்னத் தோட்டா. சாக்கட்டியால் அடையாளம் போட்டார். அடுத்த நாள் அடையாளமே இல்லை. போட்டதாக நினைத்துக்கொண்டதும் பிரமைதானா? திருகாணியை இறுக்கிப் பசை தடவினார். பசை சுத்தமாகச் சுரண்டப்பட்டு, மெஷினுக்கு எண்ணெயும் போட்டிருந்தது. தூக்கத்தில் எழுந்துவந்து தானே செய்கிறோமோ என்று பயந்தார். அவருடைய அப்பா இந்த வயதில்தான் செருப்பைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைக்க ஆரம்பித்தார்.

காலையில் ஓட்ஸ் கஞ்சியில் வால்நட் மலையாகக் குவிந்திருந்தது.

"என்ன இது, இவ்வளவு கொட்டியிருக்கே?"

"ஞாபக சக்திக்கு நல்லதாம்," என்றாள் மார்லிஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

தன் மறதியைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தார். தன் மனம் நோகக்கூடாது என்றுதான் அவளும் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்று எண்ணிக்கொண்டார். கடைசிப் பருப்பு வரை மென்று தீர்த்தார்.

அன்றே மெஷினைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு, துப்பாக்கிக் கடை நடத்தும் பழைய சிநேகிதர் டெல்பர்ட்டிடம் போனார். கிளப் போட்டிகளை நடத்துவதும் அவர்தான். நசுங்கிய கூடுகளைக் கல்லா மேசையில் கொட்டி, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இதை நீயே வெச்சுக்கப்பா. தலை சரியில்லாதவன் மருந்தைத் தொடக்கூடாது. மார்லிஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதே, உடைஞ்சு போயிடுவா."

டெல்பர்ட் ஒரு கூட்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். வெண்டலையும் பார்த்தார்.

"முந்தாநாள் உன் சம்சாரமும் இங்கதான் வந்து உட்கார்ந்தா. 'ஏழு வருஷமா என் கையில பழகின மெஷின், தினமும் பெரிய தோட்டாவுக்கு மாறிக் கிடக்கு. எனக்கு மறதி வந்துடுச்சு, இனிமே போட்டிக்கு வரல. வெண்டல்கிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னு ஒரே அழுகை."