பறந்ததாகக் கொள்ளப்படும்

அமெரிக்க வெண்தலைக் கழுகுகளின் முன்னேற்றத்துக்கு ஒரகடம் ஆற்றிய தொண்டைப் பறவையியல் அறிஞர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடைய துறை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஒப்புக்கொள்ளும் நாள் வந்தால், மனிதவளத் துறைத் துணை மேலாளர் கார்முகிலுக்கு ஒரு சிலையாவது வைக்க வேண்டியிருக்கும்.

அவர் வேலை பார்த்தது ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே நூற்றிருபது பெண்கள் பயிற்சித் தொழிலாளர்கள். சாத்தூர், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கம்பெனி விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேராகத் ‘தாராளமாக’ வைக்கப்பட்டிருந்தார்கள். அப்படியும் சிலர் நன்றியில்லாமல், விடுதிச் சாம்பாரைக் காரணம் காட்டி, சுங்குவார்சத்திரத்தில் பஸ் பிடித்து ஊருக்கே போய்விட்டார்கள்; நூற்றிருபது என்பது மிஞ்சியவர்களின் கணக்கு. ஆள் குறைகிறது என்று தலைமையகம் உறுமியது.

கார்முகில் ஒரு வாரம் சிந்தித்தார். பிறகு கேன்டீன் டி.வி.யில் ஒரு கழுகுக் கூட்டைக் காட்டினார்.

அமெரிக்காவில் ஏதோ ஏரிக்கரை மரம். உச்சியில் கூடு, கூட்டுக்கு மேலே கேமரா, கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள். நேரடி ஒளிபரப்பு. அங்கே சாயங்காலமாகும்போது இங்கே காலைப் பலகாரம்.

“நல்லா பாருங்கம்மா” என்று மைக்கில் முழங்கினார். “இந்தக் குஞ்சுங்க எங்கேயாவது அவுட்பாஸ் கேட்குதா? சாப்பாடு சரியில்லைன்னு வாட்ஸ்அப்ல போடுதா? கொடுத்ததைத் தின்னுட்டுக் கூட்டுல இருக்கு. அதுதான் வளர்ச்சி!”

“அதுக்குத் தெனமும் மீனு வருது சார்” என்றாள் பின்வரிசையில் செல்லக்கனி.

“கேள்விகள் எழுத்துமூலமாக” என்றார் கார்முகில்.

திட்டம் மகத்தான வெற்றி. பெண்கள் இட்லியை மறந்து கழுகைப் பார்த்தார்கள். முதலில் பஞ்சுப்பொதிகளாக உருண்டவை பழுப்பு இறகு முளைத்து, கோழி அளவாகி, கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தன. பெயரும் வைத்தார்கள். மீனை முதலில் பறித்துக்கொள்வது ‘சூப்பர்வைசர்’. ஓயாமல் இறக்கையை ஆட்டிக்கொண்டிருப்பது ‘ஓட்டி’, அதாவது ஓவர்டைம். மிச்சத்தைத் தின்றுவிட்டு மூலையில் ஒடுங்குவது ‘டிரெய்னி’.

டிரெய்னியைத் தன் பிள்ளையாகவே வரித்துக்கொண்டவள் முத்துச்செல்வி. சாத்தூர்க்காரி. அவள் அம்மா அங்கே பட்டாசு ஆலையில் காகிதக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிறாள். மாதக் கடைசியில் பயிற்சி முடிந்து வேலை நிரந்தரமானதும், அம்மாவை அந்த மருந்தறையிலிருந்து கூட்டிவந்து, பக்கத்திலேயே சேரப்பணஞ்சேரியில் ஓர் அறை பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் திட்டம். ‘நிரந்தரம் நிச்சயம்’ என்று வேலைக்கு எடுத்த அன்று கார்முகிலே வாய்மலர்ந்திருந்தார்.

அந்த மாதத்தின் நடுவில் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தலைமையகம் மறுபடி உறுமியது: நூற்றிருபது பேரும் வெளியேற வேண்டும். வெளியேற்றப்பட்டதாக இருக்கக்கூடாது. அவர்களாகவே விலகியதாக இருக்க வேண்டும்.

சாதாரண மனிதராக இருந்தால் டி.வி.யை அணைத்திருப்பார். கார்முகில் அதன் ஒலியைக் கூட்டினார். அந்த வாரம்தான் சூப்பர்வைசரும் ஓட்டியும் அடுத்தடுத்துப் பறந்துபோயிருந்தன.

“பாருங்கம்மா!” என்று மைக்கைப் பிடித்தார். “கூடு என்பது சிறை! வானம் உங்களை அழைக்குது! கம்பெனி உங்களுக்கு ‘சிறகு விரிப்பு விழா’ எடுக்கப்போகுது. கேக் உண்டு. சான்றிதழ் உண்டு. நீங்க ஒரே ஒரு கையெழுத்து, ‘நானே விரும்பிப் பறந்து செல்கிறேன்’னு...”

முத்துச்செல்வி எழுந்தாள்.

“சார், போன மாசம் கூட்டுல பேசாம இருங்கன்னு சொன்னீக?”

“அது போன மாதத்துக் கழுகும்மா.”

“அப்ப நிரந்தரம்?”

“வானத்தைவிட நிரந்தரம் எதும்மா?”

அவள் டி.வி.யைப் பார்த்தாள். வெறிச்சோடிய கூட்டில் டிரெய்னி மட்டும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“டிரெய்னி இன்னும் போகலையே சார்? அது பறக்கட்டும். அன்னைக்கு நாங்களும் கையெழுத்துப் போடுறோம்.”

“ஆமா சார்!” என்று நூற்றிருபது குரல்கள்.

கார்முகிலுக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் குஞ்சாவது கூட்டிலேயே கிழடாகியிருக்கிறதா? “ஒப்பந்தம்!” என்று மைக்கிலேயே அறிவித்தார்.

டிரெய்னி பறக்கவில்லை.

தாய்ப்பறவை மீனைக் கண்முன்னே கிளையில் வைத்துக்கொண்டு ஆசை காட்டியது. டிரெய்னி கத்தியது. தாய் சலித்துப்போய் மீனைக் கூட்டுக்கே கொண்டுவந்து போட்டது. கேன்டீனில் விசில் பறந்தது. செல்லக்கனி டி.வி.க்குக் கற்பூரம் காட்டினாள். “ஏ டிரெய்னி, எறங்கிராத தாயி! இருக்கன்குடி கோயிலுக்கு வந்து பொங்கல் வைக்கேன்” என்று முத்துச்செல்வி நேர்ந்துகொண்டாள். போட்டியாகக் கார்முகிலும் ஸ்ரீபெரும்புதூரில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார், நலத்திட்ட நிதியிலிருந்து.

தெய்வங்கள் நடுநிலை வகிக்கவே, கேமரா வைத்தவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினார்: ‘எங்கள் பணியாளர் மேம்பாட்டை முன்னிட்டு, மேற்படி மரத்தைச் சற்று அசைத்து உதவ இயலுமா?’

பதில் சுருக்கமாக வந்தது. கூட்டிலிருக்கும் கழுகைத் தொந்தரவு செய்து கிளப்புவது அந்த நாட்டில் சட்டப்படி குற்றம். அபராதமும் சிறையும் உண்டு.

ஒரு குஞ்சைக்கூட வெளியே தள்ள முடியாத நாட்டில் எப்படித்தான் தொழில் நடத்துகிறார்களோ என்று கார்முகில் மனமுருகி வருந்தினார்.

மாதக் கடைசி வந்தது. விழாவைத் தள்ளிப்போட முடியாது. கேன்டீனில் பலூன், கேக், மேசைமேல் நூற்றிருபது கடிதங்கள். ஒரு திரையில் தலைமையக இயக்குநர். இன்னொரு திரையில் டிரெய்னி. அங்கே காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. டிரெய்னி விளிம்பில் ஒரு குச்சியைப் பற்றிக்கொண்டு ஆடியது.

“உள்ள போ தாயி, உள்ள போ” என்று முத்துச்செல்வி முணுமுணுத்தாள்.

குச்சி முறிந்தது. டிரெய்னி இறக்கையை விரிக்கக்கூட நேரமில்லாமல், கிளையில் ஒருமுறை மோதி, திரையின் அடிப்பக்கமாக மறைந்தது.

“பறந்துவிட்டது!” என்று கார்முகில் கூவினார். “கைதட்டுங்க!”

இயக்குநர் மட்டும் தட்டினார்.

“அது விழுந்துருச்சு சார்” என்றாள் முத்துச்செல்வி.

“பறந்ததுதாம்மா. கீழ்நோக்கி.”

“பறந்தா மேல போகணும்லா?”

“அது அவரவர் திறமையைப் பொறுத்தது. முடிவெடுக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு. கையெழுத்தைப் போடுங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். கார்முகிலின் முகம் மலர்ந்தது. அவள் பேனாவை அவரிடமே நீட்டினாள்.

“நீங்கதான் எங்களத் தள்ளிவிட்டீகன்னு எழுதிக் குடுங்க சார். அதுக்குக் கீழ போடுறேன். அந்தப் பிள்ளையும் பறக்கல, நாங்களும் பறக்கல.”

ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. ஒருத்தியும் கேக்கைத் தொடவில்லை. கேக் மனிதவளத் துறையினரால் தியாக உணர்வோடு தின்று முடிக்கப்பட்டது.

கையெழுத்து என்ற அற்ப விஷயத்துக்காக நின்றுவிடும் நிர்வாகமா அது? அன்று மாலையே கார்முகில் அறிக்கை அனுப்பினார்: ‘நூற்றிருபது பேரும் மகிழ்ச்சியுடன் பறந்ததாகக் கொள்ளப்படும்.’ தலைமையகம் பாராட்டியது. விடுதி பூட்டப்பட்டது. அடையாள அட்டைகள் செயலிழந்தன.

மறுநாள் காலை அவருடைய மேசைத் தொலைபேசி அடித்தது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி தசரதன். அந்த இடத்தில் ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்டவர். இப்போது தன் நிலத்துக்கே கேட் திறந்துவிடும் அளவுக்கு முன்னேறியிருந்தார்.

“சார், பொண்ணுங்க கார்டு வச்சா செவப்பு லைட்டு எரியுது சார்.”

“அவங்கள்லாம் பறந்துட்டாங்க தசரதன்.”

“இன்னா சார் சொல்றீங்கோ? அல்லாரும் இங்க கேட்டாண்ட ரோட்ல குந்திகினு கீதுங்க. எண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணுகூடக் கொறையல.”

கார்முகில் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

“சார், இன்னொண்ணு. அந்தக் கழுகுக் குஞ்சு வுழுந்திச்சே, அதைத் தேடிகினு அங்க ஒடனே நாலு பேரு டார்ச் லைட்டோட வந்துட்டாங்களாம். துண்டுல சுத்தி ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு பூட்டாங்களாம். செல்லுல காட்டுதுங்க. அந்த சாத்தூர்ப் பொண்ணு கேக்குது, ‘எங்களத் தூக்க யாரு வருவாங்க’ன்னு. இன்னா சார் சொல்லட்டும்?”

கார்முகில் ரிசீவரோடு எழுந்து ஜன்னலோரம் போனார். கேட் தெரிந்தது. வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்த தலைகளும் தெரிந்தன. திரைச்சீலையை இழுத்து மூடினார்.

“வந்து தூக்கிட்டாங்கன்னு கேட் ரிஜிஸ்டர்ல எழுதிக்குங்க” என்றார்.