மின்விசிறியடி நாற்காலிப் போர்

வாழி அழகுமலை! பேரையூர்ப் பெருநிலம் ஈன்ற பிள்ளை, சிம்மக்கல் தானிய மண்டிக் கணக்கன், முன்னூற்றுநாலு என்னும் சீட்டாட்டக் கடலை நீந்திக் கரைகண்ட நெடுவிரலோன் புகழைச் சொல்கிறேன். கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள்.

அக்கினி நட்சத்திரம் வைகையின் கடைசித் துளியையும் உறிஞ்சிக் குடித்த ஒரு நண்பகலில், மண்டிச் சங்கத்தின் ஒரே மின்விசிறிக்கு அடியில், இந்திரனின் அரியணையோ என அமரர் மயங்கும்படி ஒரே ஒரு சாய்வு நாற்காலி நின்றது. கோடை முழுக்க அதில் சாய்பவர் யார்? தான் ரங்கூனில் கற்று மீண்ட போக்கர் என்னும் புதுப்போரே அதைத் தீர்க்கும் என்று முழங்கினான், கூட்டாளி கண்ணுச்சாமி.

"மாப்ள, நல்லாக் கேட்டுக்க. ஆளுக்கு அஞ்சு சீட்டு. ஒண்ணுபோல ரெண்டு வந்தா நல்லது, மூணு வந்தா அதைவிடப் பெருசு. வேண்டாததை ஒருக்கா மாத்திக்கலாம். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. தெம்பிருந்தா அதக் கூட்டிக்கிட்டே போ, பயந்தாச் சீட்டக் கவுத்திரு; கவுத்தவன் தோத்தான். மூஞ்சில மட்டும் ஒண்ணும் தெரியக் கூடாது."

"இம்புட்டுத்தானா மச்சான்?"

சீட்டு விழுந்தது. அழகுமலையின் கரத்தில் மூன்று ராஜாக்கள், ஒரு ஜாக்கி, ஓர் ஒன்பது! ஆனால் அவன் பிறந்து வளர்ந்த முன்னூற்றுநாலில் ஜாக்கியே சக்கரவர்த்தி, ஒன்பதே இளவரசு. ராஜாவோ வாசல் காக்கும் எடுபிடி. மூன்று எடுபிடிகள் கூடினாலும் எடுபிடிகளே எனத் துணிந்த மாவீரன், மூன்று முடிமன்னரையும் குப்பையெனக் கழித்து, இரண்டும் ஐந்தும் எட்டும் ஏந்தினான். ஜாக்கி இருக்கப் பயமேது? யானைமலைபோல் அசையா முகத்தோடு, தன் புளியங்கொட்டைக் குவியலை முழுதும் முன்தள்ளினான்.

இரண்டு ராணி, இரண்டு பத்து என இரு ஜோடிப் படையோடு நின்ற கண்ணுச்சாமிக்கு வேர்த்தது.

"மூணு சீட்ட மாத்திட்டு இம்புட்டுத் தெம்பா? நாலும் ஒண்ணாச் சேந்திருச்சு போல. நான் வரல மாப்ள!" என்று சீட்டைக் கவிழ்த்தான்.

பெருமிதம் பொங்க விரித்துக் காட்டினான் வென்றவன். கழித்த சீட்டைப் புரட்டிய கண்ணுச்சாமி அலறினான்: "அட கிறுக்குப் பயலே, மூணு ராஜாவையா தூக்கி எறிஞ்ச?"

"அதான் ஜாக்கி இருக்குல்ல மச்சான்!"

அறியாமையே கவசமாய், அசையாமையே அம்பாய், தான் ஏமாற்றுவதைத் தானே அறியாமல் எதிரியை ஏமாற்றிய அந்த ஏந்தல், வேர்வை ஆறாய் ஒழுகும் வெற்று மார்போடு அரியணை ஏறி, மின்விசிறி கவரிவீசக் கண்வளர்ந்தான்.

மறுநாள் அழகுமலைக்குச் சளி பிடித்துவிட்டது.