ஸ்டீமருக்குப் பேதி கொடுத்த ஆவி சார்

குடிக்கிற தண்ணீரை அப்படியே விழுங்கிவிட்டு, துணிக்கு ஆவி காட்டும் தண்ணீரை மட்டும் கரண்டியில் எடுத்து, கண்ணை மூடி ருசி பார்த்தவர் கல்கத்தாவிலேயே எங்கள் ஆவி சார் ஒருவர்தான். இந்தியாவிலேயே என்றாலும் மறுக்க ஆள் இல்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் நடு மாடியில் அவர், மேல் மாடியில் நான். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கப்பலில் இன்ஜினியராக இருந்த மைத்துனர் அவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்டீமர் கொண்டுவந்து கொடுத்தார். கெண்டி மாதிரி உடம்பு, பூவாளி மாதிரி மூக்கு. தண்ணீர் ஊற்றிப் பிளக்கைச் சொருகினால் மூக்கு வழியே ஆவி வரும். தொங்கவிட்ட துணியில் சுருக்கம் மறையும். அன்று முதல் அவர் ஆவி சார். வங்காளிகள் அதை ‘அபி’ என்று காதில் வாங்கிக்கொண்டார்கள். அவருடைய பெயர் அபிஜித் என்று கடைசிவரை நம்பிய குடும்பங்கள் இரண்டு உண்டு.

ட்யூப்வெல் தண்ணீர் என்றால் துப்பிவிடுவார். “இரும்பு வே! இதை ஊத்தினா உள்ள செம்மண்ணு கணக்கா ஒட்டிக்கிடும்.” கொதிக்கவைத்து வடிகட்டிய கார்ப்பரேஷன் தண்ணீர்தான் ஊற்றுவார். அப்படியும் உள்ளே வெள்ளையாக உப்புப் படியும். அதற்காக அமாவாசைதோறும் ஸ்டீமருக்குப் பேதி. பாதி வினிகர், பாதி தண்ணீர், அரை மணி ஊறல், பிறகு ஒரு கொதி. செதில் செதிலாக வெளியே வந்ததும் மூன்று முறை அலசுவார். மூக்கின் ஓட்டைகளை ஈர்க்குச்சியால்தான் குத்துவார். ஊசி பட்டால் ஓட்டை பெரிதாகித் தண்ணீர் துப்பும் என்பது அவருடைய சித்தாந்தம். முதல் ஆவி எப்போதும் சொந்த வேட்டிக்கு.

“அடுத்தவன் துணியில பரீட்சை வைக்கவன் மனுசனா வே?”

மாடிப்படியில் வினிகர் வாடை அடித்தால், காலண்டரைப் பார்க்காமலே டைரியில் அமாவாசை என்று எழுதிவிடுவேன்.

ஒரு வருஷம் மகாளய அமாவாசையன்று அவருக்குக் காய்ச்சல். பேதி தள்ளிப்போயிற்று. துர்கா பூஜையும் வந்துவிட்டது. நடந்தது சஷ்டியன்று என்பவர்கள் உண்டு. என் டைரியில் சப்தமி.

மத்தியானம் நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெண் ஒரு பட்டுச் சேலையை ஏந்திக்கொண்டு வந்தாள். தெருப் பந்தலில் ஆறு மணிக்கு அவள் பாட்டு. வாழ்க்கையில் முதல் மேடை. சேலை, இறந்துபோன அவள் அம்மாவுடையது. பெட்டிக்குள் கிடந்து மடிப்புகள் பலகையாகியிருந்தன. “இதைக் கட்டாமல் மேடை ஏற எனக்குத் தைரியமில்லை, அபி பாபு” என்று வங்காளியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சார் ஸ்டீமரைப் போட்டார். அது இருமியது; ஆவி வரவில்லை. வினிகர் பாட்டிலில் சொட்டு இல்லை. லேக் மார்க்கெட்டில் கடை சாத்தியிருந்தது.

“புளியக் கரைச்சு ஊத்துங்க. பித்தளை அண்டாவே பளபளன்னு ஆவுது” என்றார் அவர் மனைவி.

“புளியா? ஸ்டீமருக்கா?”

“புளிப்புன்னா எல்லாம் புளிப்புத்தானே?”

அவசரத்தில் சார் மசிந்தார். ஊறவைத்து, கொதிக்கவைத்து, ஐந்து முறை அலசினார். ஆவி பிய்த்துக்கொண்டு வந்தது. வழக்கப்படி முதலில் வேட்டி. வெள்ளை வேட்டியில் பழுப்புப் பொட்டுகள்! வீடு முழுக்க ரச வாசனை.

“பெருங்காயம் ஒண்ணுதான் குறைச்சல்” என்றேன்.

“வாய மூடும் வே!”

மூக்கைக் கழற்றினார், குச்சியால் குத்தினார், மறுபடி கொதிக்கவைத்தார். இரண்டாவது வேட்டி, மூன்றாவது வேட்டி. நான்காவதில் ஐந்தாறு பொட்டுகள்தான். நம்பிக்கை துளிர்த்தபோது கரண்ட் போயிற்று. மணி நாலே முக்கால்.

வாசலில் பௌதி. “ஹோபே தோ?” என்றாள். ஆகிவிடும்தானே என்று அர்த்தம். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மனைவி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றி, தண்ணீர் தெறிக்காமல் இருக்கப் பானையின் வாயில் துணியைக் கட்டினார். “சேலையத் தள்ளிப் பிடிங்க.”

“இட்லிப் பானையா? என் கௌரவம் என்னாவது?”

“அதுக்குத்தான் நாலு வேட்டி போச்சே, போதாதா?”

சார் அப்போதும் விதியை மீறவில்லை. தோள்துண்டை முதலில் ஆவியில் காட்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபிறகே சேலையைத் தொட்டார். முனைகளை நானும் பௌதியும் பிடித்துக்கொள்ள, சாண் சாணாக நகர்த்தி நீவினார். அரை மணியில் மடிப்பெல்லாம் கரைந்தது. ஜன்னல் காற்றில் சேலையை உலர்த்திக் கொடுத்தார். ஒரு துளிக் கறை கிடையாது.

ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பௌதி பாடினாள். முடித்துவிட்டு மைக்கிலேயே, “என் அம்மாவின் சேலையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அபிதா” என்று சாரைக் காட்டினாள். ‘தா’ என்றால் அண்ணன்; பாபு அண்ணனாகிவிட்டார். சாருக்குப் பாட்டில் ஒரு வரிகூடக் காதில் ஏறியிருக்காது. “கொசுவத்துல ஒரு சுருக்கம் காட்டும் வே, பாப்போம்” என்று என் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் கட்டியிருந்தது நான்காவது வேட்டி. ரச வாசனை தாங்காமல் இரண்டு பக்கமும் நாற்காலிகள் மெல்ல விலகின. நான் மட்டும் என் நாற்காலியை அவரை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆவி சார் எங்கள் ஆள் என்று பந்தல் முழுக்கத் தெரியட்டுமே.