மீன் வாடை இல்லாத விண்ணப்பம்

வேலை தேடுகிறவர்கள் ஒரு ரகம். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகப் பிறந்து வருகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஐயமே இல்லை.

எங்கள் டாஸ்மேனியக் கடற்கரை ஊரில் இந்த இனத்தின் அசல் வித்து ட்ரெவர் பாஸ்கோ. ரொட்டிக்கடைக்கு விண்ணப்பித்தபோது விடியற்காலை என்றால் தனக்கு உயிர் என்றார், சவ அடக்கக் கம்பெனிக்குத் தான் பிறவியிலேயே பேசா மடந்தை என்றார், ஆட்டுப் பண்ணைக்கு ஆடுகளின் மனம் தனக்கு நன்றாகப் புரியும் என்றார். விளம்பரத்தில் இருக்கும் சொல் ஒன்று விடாமல் அவர் கடிதத்துக்கு வந்துவிடும். ட்ரெவர்தான் வரமாட்டார்.

போன மாதம் பக்கத்துத் தீவுக்குப் போகும் படகில் டிக்கெட் கொடுக்க ஆள் கேட்டார்கள். இந்த முறை விளையாட்டில்லை. மீன்பிடிக் கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறார். இதுவும் போனால் மெல்போர்னில் மைத்துனர் வீட்டு மாடிக்குக் குடிபோக வேண்டியதுதான். ட்ரெவரின் மனைவி ஷெரிலுக்கோ அந்த வீட்டு அண்ணி முகத்தில் விழிக்கவே பிடிக்காது.

"மீன்பிடிக் கப்பல்ல ஒன்பது வருஷம் சமைச்சியே, அதை ஏன் கடிதத்துலேருந்து எடுத்துட்டே?" என்றாள் ஷெரில்.

"அட போம்மா! டிக்கெட் குடுக்கறவன் மேல மீன் வாடை அடிச்சா எவன் சேத்துப்பான்? விளம்பரத்துல சிரிச்ச முகம் வேணும்னுதான் போட்டிருக்கான். கடல்னு ஒரு வார்த்தை இருக்கா, பாரு!"

படகு வேலைக்குக் கடல் எதற்கு? நியாயம்தானே! ஒன்பது வருடக் கப்பல் 'உணவு உபசரிப்புத் துறை அனுபவம்' ஆனது.

அதே வேலைக்கு அவருடைய கப்பல் கூட்டாளி டூகலும் இரண்டு வரி கிறுக்கியிருந்தான்.

"மாப்ளே, என்னைப் பத்தி விசாரிக்க உன் பேரைப் போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போட்டுக்கோ. இந்த லட்சணத்துக்கு யாரு விசாரிக்கப் போறா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார் ட்ரெவர்.

நேர்காணலில் படகு மேலாளர் பிரான்வென் அம்மாள் கடிதத்தைப் புகழ்ந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஒரே குறைதான் ட்ரெவர். முன்னாடி சேத்தவங்க எல்லாம் முதல் அலைக்கே வாந்தி எடுத்துட்டு ஓடிட்டாங்க. கடல் தாங்குற ஆள் வேணும்."

"நான் ஒன்பது வருஷம் மீன்பிடிக் கப்பல்ல இருந்தவனாச்சே!"

"அப்படியா? இப்ப நான் கேட்டதும் கடலும் வந்துடுச்சா? இதுல காணோமே!"

உண்மையைத்தான் சொன்னார், பாவம். யார் நம்புவார்கள்?

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது. எதிர்முனையில் பிரான்வென் அம்மாள்.

"ட்ரெவர், விசாரிக்கச் சொல்லி டூகல் உங்க பேரைத்தான் போட்டிருக்கார். நீங்க நிஜமாவே அவரோட கப்பல்ல இருந்தீங்களாமே? அடடா, முதல்லயே எழுதியிருக்கக் கூடாதா? அவருக்கு வேலையைக் குடுக்கறதா சொல்லிட்டோம். உங்க வாயால ஒரு வார்த்தை. ஆள் கடல் தாங்குவாரா?"

ட்ரெவர் ஷெரிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எந்தப் புயல்லயும் அவன் சாஞ்சதில்லைங்க. நான் ஆக்கிப் போட்டதையே தின்னு தாங்கினவன்."

ஷெரில் எழுந்து போய்ப் பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இறக்கினாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். பிறகு, நீங்கள் கடைசியாக அனுப்பிய விண்ணப்பத்தை எடுத்து வீட்டில் இருப்பவர்களிடம் பெயரை விட்டுவிட்டுப் படித்துக் காட்டுங்கள். "யாருங்க இவர்?" என்று கேட்டார்களானால், உங்கள் மைத்துனர் வீட்டில் மாடி காலியாக இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.