நட்சத்திரம் பிடித்த வெப்கேம்

சாப்பாட்டு மேஜை மேல் வெப்கேம் பிளந்து கிடந்தது. லென்ஸ் ஒரு கிண்ணத்தில், திருகாணிகள் இன்னொரு கிண்ணத்தில். லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒட்டியிருந்த, ஒளியை வடிகட்டும் நகத்தளவு கண்ணாடிச் சில்லைப் பிளேடு நுனியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"என் கேமரா எங்க?" என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எந்தக் கேமரா?"

"கம்ப்யூட்டர் மேல இருந்ததே, அந்தக் கேமரா! கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது. பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சு."

டக்கென்று சில்லு நொறுங்கியது. இனி வெப்கேமை மூடினாலும் பழைய நிலைக்கு வராது.

"சர்வீஸ் பண்ணிட்டு இருக்கேன்" என்றார் லிஃப்ட்காரர்.

அவருக்குத் தெரு முழுக்க அதுதான் பெயர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உலகத்திலேயே அவருக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது "கம்பெனி ஆள் வரட்டும்" என்பதுதான். மனிதன் செய்த பொருளை மனிதன் பிரிக்கக் கூடாதா என்று கேட்பார். பிரித்ததை எல்லாம் திரும்பப் பூட்டினாரா என்று மட்டும் யாரும் அவரைக் கேட்கக் கூடாது.

இப்போது அவர் வெப்கேமைப் பிரித்ததற்குக் காரணம் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி.

மச்சினன் பாங்க் ஆபீஸர். அவனும் மாமா லிஃப்ட்காரரைப் போலவே டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி வானத்தைப் படம் பிடிக்கிறவன். ஆனால் அவன் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழும், மாமா படத்தில் கோடாக இழுத்துக்கொள்ளும். வானம் நகர நகர, மோட்டாரும் பல்சக்கரமும் டெலஸ்கோப்பைக் கூடவே நகர்த்த வேண்டும். அது கொஞ்சம் பிசகினாலும் படம் போச்சு. இதற்காகப் பெரிய டெலஸ்கோப்பின் முதுகில் ஒரு சின்னக் குழாயைக் கட்டி, அதன் பின்னால் ஒரு குட்டிக் கேமராவை வைப்பார்கள். அது ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் இம்மி விலகினால் கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லும், கம்ப்யூட்டர் டெலஸ்கோப்பைத் தட்டித் திருத்தும். ஆட்டோகைடர் என்று பெயர். கடையில் அதன் விலையைக் கேட்டால் காது அடைத்துக்கொள்ளும். மச்சினனிடம் சிவப்பாகப் பளபளவென்று ஒன்று இருந்தது.

"இதை வெப்கேம்லயே செய்யலாம்டா மச்சான்" என்று போன வாரம் லிஃப்ட்காரர் வாய்விட்டார்.

"வெப்கேமா? மாமா, அது நம்ம முகத்தையே ஒழுங்கா காட்டாது. நட்சத்திரத்தைக் காட்டுமா? பேசாம கம்பெனி சாமானா ஒண்ணு வாங்கிடுங்க."

கம்பெனி என்ற சொல் காதில் விழுந்ததும் லிஃப்ட்காரர் எழுந்து நின்றுவிட்டார். "கம்பெனிக்காரன் என்ன வானத்துலேருந்தா குதிச்சான்? செஞ்சு காட்டறேன்டா!"

மனைவி நடுவில் புகுந்தாள். "சரி, செய்யுங்க. மாசக் கடைசி வரைக்கும் டயம். ஒரே ஒரு போட்டோல நட்சத்திரம் உருண்டையா இருக்கட்டும். கோடு இழுத்துச்சுன்னா டெலஸ்கோப்பு தம்பி வீட்டுக்குப் போகும், அதை வச்சிருக்கற மாடி ரூம் என் கிளாசுக்கு."

"சரி" என்றார் வீராப்பாக. பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு, பொழுது சாய்ந்தால் நிமிர்ந்து பார்க்க அந்த டெலஸ்கோப் ஒன்றுதான் இருந்தது. அது போய்விட்டால் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது வெப்கேமைப் பிரித்தாயிற்று. முதல் வேலையாக, மனைவியின் கணக்குப் பாடத்துக்கு மாற்று ஏற்பாடு செய்தார். பழைய போனை டேப் போட்டு கம்ப்யூட்டர் மேல் ஒட்டிவிட்டார்.

"மிஸ், நீங்க ஏன் தலைகீழா தொங்கறீங்க?" என்றது ஒரு குழந்தை.

போனைத் திருப்பி ஒட்டினார். இப்போது மிஸ்ஸின் மோவாய் மட்டும் பின்னம் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு அவருக்குச் சாயங்காலக் காபி கிடைக்கவில்லை.

அவர் அசரவில்லை. வெப்கேமின் உள்ளுறுப்பைச் சத்துமாத்திரை பாட்டிலுக்குள் வைத்து, கறுப்பு டேப் சுற்றி, பாட்டிலின் வாயை டெலஸ்கோப்பின் முதுகிலிருந்த சின்னக் குழாயின் பின்னால் செருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. இருட்டியதும் டெலஸ்கோப்பை மொட்டைமாடியில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் நட்சத்திரத்தைப் பின்தொடரும் புரோகிராமை ஓட்டினார். திரையில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே அது எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் கோடு, ரூல் தடி வைத்துப் போட்டதுபோல் நேராக ஓடியது.

"பார்த்தியா!" என்று மச்சினனுக்குப் போன் போட்டார்.

படம் வந்தது. நட்சத்திரங்கள் மண்புழு மண்புழுவாக நெளிந்து கிடந்தன.

மச்சினன் நேரில் வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "மாமா, நீங்க பிடிச்சது நட்சத்திரமே இல்ல. கேமராவுக்குள்ள ஒரு புள்ளி பழுதாகி, எப்பவும் வெள்ளையா எரிஞ்சிட்டு இருக்கு. புரோகிராம் அதை நட்சத்திரம்னு நம்பிடுச்சு. பாட்டிலுக்குள்ள இருக்கற புள்ளி எங்க நகரும்? கோடு நேராத்தான் போகும்!"

"கம்பெனி கேமராவுல பழுதே வராதா?"

"வரும். ஆனா, சூடாகாம அவங்க பார்த்துக்குவாங்க."

சூடுதானே? பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குட்டி ஃபேனைப் பிடுங்கி பாட்டிலில் கட்டினார். ஃபேன் சுற்றியதில் டெலஸ்கோப்புக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. நட்சத்திரங்கள் இப்போது கோலி விளையாடின. ஃபேனைக் கழற்றி எறிந்தார். பழுதான புள்ளி இருக்கும் இடத்தைப் புரோகிராமுக்குக் காட்டி, அந்தப் பக்கமே பார்க்காதே என்று ஒதுக்கிவைத்தார். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. தரையில் காதை வைத்துக் கேட்டார். கீழ்வீட்டு வாஷிங் மெஷின்!

"அக்கா, சாயங்காலத்துல மட்டும் மெஷினைப் போடாதீங்க."

"ஏன் தம்பி?"

"நட்சத்திரம் ஆடுது."

கீழ்வீட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என் மெஷின் ஓடினா வானம் ஆடுதா?"

"மாசக் கடைசி வரைக்கும்தான் அக்கா."

"நீங்க நட்சத்திரம் பார்க்க நாங்க அழுக்குத் துணியோட திரியணுமா?" என்றாள். இருந்தாலும் ஒத்துக்கொண்டாள். போன மாதம் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அவளை வெளியே எடுத்தவர் இவர்தான்.

அடுத்து, ஸ்டாண்டின் கால்களைத் தளத்திலேயே போல்ட் போட்டு முடுக்கிவிடத் தீர்மானித்தார். டிரில் இறங்கியது. ஸ்டாண்டு மலைபோல் நின்றது. அதே சமயம் கீழே குளியலறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது.

"இது என்ன?" என்றாள் மனைவி, தலையில் சொட்டச் சொட்ட.

"கண்டென்சேஷன். காத்துல இருக்கற ஈரம்."

"என் கிளாஸ்ல ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொன்னா பெஞ்சு மேல ஏத்துவேன்."

ஒழுகலை அடைத்தார். டெலஸ்கோப்பின் பல்சக்கரங்களைக் கழற்றி, கழுவி, லிஃப்டுக்குப் போடும் கிரீஸைப் போட்டுத் திரும்பப் பூட்டினார். ஒரு திருகாணி கூட மிச்சமாகவில்லை என்பதை அவரே மூன்று தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார். டெலஸ்கோப்பின் அச்சை, வானம் எந்தப் புள்ளியைச் சுற்றி வருகிறதோ அந்தப் புள்ளிக்கு மயிரிழை பிசகாமல் திருப்பினார். அதற்கே ஒரு வாரம் போயிற்று. இத்தனை பாடும் ஒரு மாத்திரை பாட்டிலுக்காக என்று நினைத்தபோது அவருக்கே அழுகை வந்தது. அழவில்லை. மச்சினன் முகம் ஞாபகம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தார்.

மாசக் கடைசியும் வந்தது. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் மச்சினன் காரோடு வந்தான். டெலஸ்கோப்பைச் சுற்றி எடுத்துப்போகக் கம்பளி கூடக் கொண்டுவந்திருந்தான். மனைவி திரைச்சீலைக்காக மாடி அறை ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள். கீழ்வீட்டம்மாவும் மேலே வந்துவிட்டாள். என்றைக்குத் துணி துவைக்கலாம் என்று அவளுக்கும் தெரிய வேண்டுமே.

லிஃப்ட்காரர் பட்டனை அழுத்தினார். புரோகிராம் தானாகவே ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்தது. கோடு நேராக ஓடியது.

"மறுபடியும் அந்தப் பழுதான புள்ளியா மாமா?" என்றான் மச்சினன்.

"அது இடது மூலைடா. அதைத்தான் ஒதுக்கியாச்சே. இது நட்ட நடுவுல இருக்கு பாரு. இப்ப போட்டோ வரும், அப்புறம் பேசு."

பெரிய டெலஸ்கோப்பிலிருந்து படம் வந்து திரையில் விழுந்தது. மச்சினன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். ஓரத்துக்குப் போனான், நான்கு மூலைக்கும் போனான்.

அத்தனையும் உருண்டை. கடுகு தெளித்ததுபோல் அழகான உருண்டை.

"உருண்டையா இருக்குங்க!" என்று மனைவியே கத்திவிட்டாள். அளவு டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "போகட்டும், ரூம் உங்களுக்கே."

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கியது. துடைக்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மச்சினன் திரையில் ஓடிய அந்த நேர்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இவ்வளவு நேரான கோடு என்னுதுல ஒரு நாளும் வந்ததில்ல. ஒண்ணு செய்வோமா? என் கேமராவை நீங்க வச்சுக்குங்க. அந்தப் பாட்டிலை எனக்குக் குடுத்துடுங்க."

"உன் சிவப்புக் கேமராவா?"

"ஆமா. டப்பா, பில்லு, எல்லாத்தோடயும்."

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். லிஃப்ட்காரர் கையை உதறினார்.

"தங்கத்துல செஞ்சு குடுத்தாலும் தரமாட்டேன்டா! கம்பெனி சாமானை நீயே கட்டிக்கிட்டு அழு. மனுஷன் கையால செஞ்சது எப்படி வேலை செய்யுதுன்னு ஊருக்கே காட்டப் போறேன்!"

மச்சினன் கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி படியிறங்கினான். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அதுவரை டெலஸ்கோப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த கீழ்வீட்டம்மா, அதன் முன்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, இந்தச் சின்னக் குழாய் வாயில மூடி போட்டே வச்சிருக்கீங்களே, அதைக் கழட்டிட்டா இன்னும் நல்லாத் தெரியுமோ?"