குழாய் முனி

நெட்டியன்காட்டில் அந்த வாரம் பட்டுக்கோட்டை பஸ் நிற்க இடமில்லை. மினிவேனில் வந்தார்கள், டிராக்டரில் வந்தார்கள், ஏசி காரில்கூட வந்தார்கள். தரிசிக்க வந்தது பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நட்டிருந்த மூன்று பிளாஸ்டிக் குழாய்களை. மஞ்சள் துணி, வேப்பிலை, முன்னால் பொங்கல் படையல். பெயர், குழாய் முனி. மூடி திருகியிருந்ததால் முனி உள்ளேதான் இருக்கிறார் என்று ஐதீகம்.

குழாய் வந்த கதை வேறு. பங்கை ஒட்டிய வீட்டுச் சாவித்திரியின் கிணறுதான் அந்தத் தெருவுக்கே குடிநீர். கோடையில் அதில் டீசல் நாற்றம் வந்தது. அவள் மனுக் கொடுத்தாள். நிலத்தடி நீரைச் சோதிக்கிறவர்கள் வந்து, பங்கின் தொட்டி கசிகிறதா, கசிவு எந்தப் பக்கம் பரவுகிறது என்று அவ்வப்போது தண்ணீர் எடுத்துப் பார்க்கக் குழாய் இறக்கினார்கள். விஷயம் அவ்வளவுதான். இவ்வளவு எளிதாக இருந்தால் நம் ஜனங்கள் எப்படி நம்புவார்கள்?

வந்தார் நீரோட்டச் சித்தர். முத்துப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைகளுக்கு மந்திரித்து, இறாலெல்லாம் செத்தபின் இடம் மாறியவர். பூமிக்குள் தூங்கிய முனியின் தலையில் குழாய் இறங்கிவிட்டது, அவர் விடும் மூச்சுதான் நாற்றம் என்றார். நாற்றத்துக்குப் பிறகுதானே குழாய் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சித்தர் சாப்பிட்டுத் தூங்குவது பங்க் முதலாளி இராஜாங்கத்தின் மாடியில். அதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை குழாய்களைப் பிடுங்கி எறிந்தால் முனி அடங்கிவிடுவார் என்று முடிவாயிற்று.

ஊரைவிட அதிகமாக நம்பியவள் சாவித்திரி. கணவன் மஸ்கட்டில். மகள் கவிப்ரியாவுக்குத் தண்ணீர் குடித்தாலே குமட்டல். பிள்ளை துவண்டு கிடந்தால் தாய் எதைத்தான் நம்பமாட்டாள்.

தினமும் சித்தர் அவள் கிணற்றில் ஒரு பித்தளைச் சொம்பை இறக்குவார். உள்ளே கனத்துக்கு ஒரு கல், வாயில் இறுகக் கட்டிய வாழையிலை. சொம்பு ஆழத்துக்குப் போனதும் மெல்லிய நூலைச் சுண்டி இலையை அவிழ்ப்பார். மேலே வந்த சொம்பை மஞ்சள் துண்டால் பக்தியோடு துடைப்பார். தண்ணீர் பளிங்காக இருக்கும், கிணறு சுத்தம், நாறுவது முனியின் மூச்சு மட்டும்தான் என்பார். ஒரு மடக்குக் குடித்துக் காட்டிவிட்டு மீதியைத் தீர்த்தமென்று கொடுப்பார். கவிப்ரியாவும் அதைத்தான் குடித்தாள். குமட்டல் நிற்கவில்லை.

வியாழனன்று துண்டைத் துவைக்கும் பாக்கியம் சாவித்திரிக்குக் கிடைத்தது. வாளியில் முக்கியதும் தண்ணீர் பல நிறத்தில் மின்னியது. முகர்ந்து பார்த்தாள். சுத்த டீசல். தண்ணீர் சுத்தமென்றால் சொம்பைத் துடைத்த துண்டு ஏன் நாறவேண்டும்? கேள்வி அவள் தலைக்குள் புகுந்துவிட்டது. இனி முனியே வந்தாலும் அதை ஓட்டமுடியாது.

வெள்ளிக்கிழமை குழாயில் மாதிரி எடுக்க வந்தாள், தண்ணீர் சோதிக்கிறவர்களில் ஒருத்தியான சுடர்விழி. கடப்பாரைகளோடு கூட்டம் அவளை மறித்து நின்றது. சாவித்திரி அவளைத் தனியே அழைத்துத் துண்டுச் சங்கதியைச் சொன்னாள்.

"டீசல் தண்ணி மேலதாங்க்கா மெதக்கும். அடித்தண்ணி பாக்கத் தெளிவா இருக்கும், ஆனா அதுவும் குடிக்க ஆகாது. பாப்பாவுக்கு இனிமே ஒரு சொட்டு குடுக்காதீங்க" என்றாள் சுடர்விழி. "அந்த இலை எதுக்குன்னு அவரையே கேளுங்க."

தன் கிணற்றடியில் சித்தர் சொம்புக்கு இலை கட்டுவதைச் சாவித்திரி பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

"சாமி, இன்னைக்கு இலை கட்டாம மொள்ளுங்க."

முனி கோபிப்பார், ஊர் எரியும் என்றார் சித்தர். அவள் சொம்பைப் பிடுங்கி, இலையைக் கிழித்துப் போட்டு, தானே இறக்கி மேலாக மொண்டாள். கொழகொழவென்று மின்னிய தண்ணீரைப் பார்த்ததும் முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"குடிங்க சாமி. இதே கெணறுதான்."

சித்தருக்குத் திடீரென்று விரதம் நினைவுக்கு வந்தது. இராஜாங்கம் காரைத் தேடினார். இருவரையும் ஜனங்கள் நகரவிடவில்லை. சுடர்விழி குங்குமத்தைத் துடைத்து மூடியைத் திருகி, மாதிரி எடுத்து முடித்தாள். மறுவாரம் பங்கின் தொட்டியைத் தோண்டினார்கள், அடியில் விரல் நுழையும் ஓட்டை. தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நின்ற ஒருவர் மட்டும் மனம் கேளாமல் சாவித்திரியிடம் கேட்டார், "அப்ப முனி நெசமாவே இல்லையாம்மா?"

"உங்க மூக்கு இருக்குல்ல," என்றாள் அவள். "ரெண்டு மாசமா அது சொன்னத நம்பாம, குழாய்க்குப் பொங்க வச்சீங்களே. போயி அந்த மூக்குக்கு ஒரு கும்பிடு போடுங்க."